சின்னாளப்பட்டிக்கு வந்த டாக்டரம்மா



திருமங்கலத்தில் வயதான பெரியவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் டி.வி.எஸ். பேருந்தைப் பற்றிச் சொல்லாமல் விடமாட்டார்கள். அந்த வண்டி வரும் நேரத்தை வைத்துக் கடிகாரத்தைத் திருத்தினார்களாம். அந்த நிறுவனத்தைத் தொடங்கிய டி.வி. சுந்தரம் ஐயங்காரின் மகளைப் பற்றித்தான் இன்று நாம் சிந்திக்க இருக்கிறோம். அவர் டாக்டர் சவுந்தரம் ராமச்சந்திரன். நம் மறையைச் சார்ந்தவர் அல்லர் என்றாலும், பெண் பிள்ளைகளைப் பெற்ற ஒவ்வொரு வீட்டாரும் அறிய வேண்டியவர்.

1904இல் பிறந்த அவருக்கு, அக்கால வழக்கப்படி சிறுமியாக இருந்தபோதே திருமணம் நடந்தது. கணவர் சவுந்தரராஜன் ஒரு மருத்துவர். மனைவி படிக்க வேண்டும் என்று விரும்பியவர். மதுரையில் பிளேக் பரவியபோது நோயாளிகளைக் கவனித்த அவரையே அந்நோய் கொண்டுபோனது. சவுந்தரம் இளம் விதவையானார். அந்நாளில் அத்தகைய பெண்ணுக்கு வீட்டின் பின்கட்டுதான் உலகம். நல்ல காரியங்களில் அவர் முகம் தெரியக்கூடாது. படிப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஆனால் அவர் டெல்லிக்குப் புறப்பட்டார். லேடி ஹார்டிங் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, தம்மைவிட வயதில் இளைய மாணவியரோடு அமர்ந்து படித்து, 1936இல் மருத்துவப் பட்டம் பெற்றார். அப்போது அவருக்கு முப்பது வயது கடந்திருந்தது. வசதியான குடும்பம், அதனால் முடிந்தது என்று சிலர் சொல்லலாம். உண்மைதான். அதே மதுரைச் சீமையில் ஒரு கூலிக்காரர் வீட்டு விதவைக்கு ரயில் கட்டணம்கூடக் கிடைத்திராது. ஆயினும் பணம் இருந்த எத்தனையோ வீடுகளில் எத்தனையோ விதவைகள் பின்கட்டிலேயே முடிந்துபோனார்கள் என்பதையும் நாம் மறக்கலாகாது.

டெல்லியில் உடன் படித்த சுசீலா நய்யார் வழியாகக் காந்தியடிகளின் தொடர்பு கிடைத்தது. கேரளத்தைச் சேர்ந்த ஜி. ராமச்சந்திரனை மறுமணம் செய்ய விரும்பியபோது, விதவை மறுமணம், அதுவும் வேறு சாதியில் என்று வீட்டில் கடும் எதிர்ப்பு. பொறுத்திருக்குமாறு காந்தியடிகள் அறிவுரை கூறினார். இருவரும் காத்திருந்தார்கள். 1940இல் அவர் முன்னிலையிலேயே திருமணம் நடந்தது.

இங்கே நம் மனசாட்சியைத் தொடும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பிளஸ் டூ முடித்த மகளுக்குத் திருமண ஓலை எழுத வேண்டும் என்று பெற்றோர் பங்கு இல்லத்துக்கு வரும்போது, பெண்ணுக்குப் பதினெட்டு நிறைந்துவிட்டதா என்று மட்டும் பார்த்து நாம் எழுதிக் கொடுத்ததுண்டு. கல்லூரிக்குப் போக மாலையில் பேருந்து இல்லை, காலம் கெட்டுக் கிடக்கிறது என்று தந்தை சொல்லுவார். பக்கத்தில் நிற்கும் பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டிருக்கும். அந்தப் பிள்ளையிடம் நாம் ஒன்றும் கேட்டதில்லை.

சவுந்தரம் கேட்டார். அன்னை கஸ்தூரிபா 1944இல் மறைந்தபின் அவர் பெயரால் அமைந்த அறக்கட்டளையின் பணி தமிழகத்தில் அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சியளித்துக் கிராமங்களுக்கே சேவகியராக அனுப்புவது அதன் நோக்கம். மதுரையில் வசதியாக மருத்துவம் பார்த்திருக்கக்கூடியவர், மதுரை–திண்டுக்கல் சாலையில் உள்ள சின்னாளப்பட்டியில் இரண்டே படுக்கைகளோடு மருத்துவமனையைத் தொடங்கினார். 1947இல் கணவரோடு சேர்ந்து காந்திகிராமத்தை உருவாக்கினார். பிள்ளைப்பேறு பார்க்கவும், பாலர் பள்ளி நடத்தவும், நூல் நூற்கவும் பெண்கள் அங்கே கற்றார்கள். ஆதரவற்ற பெண்களும் குழந்தைகளும் தங்க இல்லம் இருந்தது. படிப்பை விட்டவள், கணவனை இழந்தவள் என்று ஊர் ஒதுக்கியவர்கள் ஊருக்கு வேண்டியவர்களாகத் திரும்பினார்கள். 1956இல் தோன்றிய கிராமியக் கல்வி நிறுவனம் 1976இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது.

சட்டமன்றத்திலும் இருந்தார். 1962இல் திண்டுக்கல்லிலிருந்து நாடாளுமன்றம் சென்று மத்திய கல்வித் துணை அமைச்சரானார். பத்மபூஷண் விருதும் அவ்வாண்டே கிடைத்தது. பதவி போனபின் அவர் திரும்பிய இடம் காந்திகிராமம்தான். 1984இல் மறைந்தார்.

இரண்டு படுக்கைகளோடு தொடங்கிய அந்தக் கஸ்தூரிபா மருத்துவமனை இன்றும் இயங்குகிறது. திண்டுக்கல் செல்லும் பேருந்தில் போகிறவர்கள் காந்திகிராமத்தில் இறங்கிப் பார்க்கலாம். பெண் பிள்ளைகளையும் கூட்டிச் செல்லுங்கள்.