எல்லைப்படை கண்ட பேரறிஞர்

ஆகாயவிமானம் அமைத்தோர் பெயரை யாவரும் அறிவர். அதன் சிறகின்மீது காற்று எவ்வாறு ஓடுகின்றது என்பதை விளக்கியோரைச் சிலரே அறிவர். அவருள் தலையாயவர் லுட்விக் பிரான்டில் என்பார். அவர் வாழ்வை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

ஜேர்மனியின் பவேரியாப் பகுதியிலே, பிறைசிங் என்னும் ஊரில், 1875ஆம் ஆண்டு பெப்ரவரி 4ஆம் நாள் இவர் பிறந்தார். தாயார் நெடுநாள் நோயுற்றிருந்தமையால், பேராசிரியரான தந்தையாரோடு மிக நெருங்கி வளர்ந்தார். மியூனிச் நகரிற் கற்று, 1900இல் கலாநிதிப் பட்டம் பெற்றார்.

பின்னர் நூரம்பேர்க்கில் ஓர் இயந்திரத் தொழிற்சாலையில் அமர்ந்தார். சீவற்றூளை உறிஞ்சியகற்றும் பொறியைத் திருத்துதல் அவர்க்கு வாய்த்த பணி. விரிந்துசெல்லும் குழாயிலே காற்றின் வேகம் குறைய, அமுக்கம் உயரும் என எதிர்பார்த்தார். அமுக்கம் உயர்ந்திலது, காற்றுச் சுவரைவிட்டு விலகி ஓடிற்று. பொறி ஒருவாறு திருத்தப்பட்டது. பிறராயின் அத்துடன் அமைந்திருப்பர். பிரான்டிலோ, காற்று விலகியது ஏன் என்னும் வினாவை விட்டாரல்லர்.

1901இல் ஹனோவரிற் பேராசிரியரானார். 1904 ஆகஸ்டில், ஹைடல்பேர்க்கிற் கூடிய கணிதப் பேரவையில், பத்தே நிமிடப் பேச்சில் விடை பகர்ந்தார். அதுவரை கணிதர் பலர், காற்றின் பிசுக்குமை மிகச் சிறிதாதலின் அதனை இல்லையெனவே கொண்டு கணித்தனர். அக்கணக்கின்படி, ஓடும் காற்றில் நிற்கும் பொருளுக்குத் தடையே இல்லையென முடிந்தது. அனுபவமோ அதனை மறுத்தது. சுவரைத் தொடும் காற்று அதில் ஒட்டி நிற்கும் என்றும், அதனை அடுத்த மெல்லிய படையிலேயே பிசுக்குமை ஆட்சி செலுத்தும் என்றும் பிரான்டில் காட்டினார். அதுவே எல்லைப்படை.

சிறகின் மேற்புறத்தை நோக்குவோம். முன்பகுதியில் அமுக்கம் குறைந்து செல்வதால் காற்று முன்னே உந்தப்படும். அப்பாற் பின்னோரம்வரை அமுக்கம் உயரும். இது காற்றுக்கு மேடேறுவது போலாம். விரைந்தோடும் வெளிக்காற்று அம்மேட்டைக் கடக்கும். உராய்வினால் தளர்ந்த எல்லைப்படையோ, மேடு மிகின் கடக்கமாட்டாது நின்று, பின்னோக்கித் திரும்பிச் சிறகைவிட்டு விலகும். சிறகை அளவுக்குமேல் நிமிர்த்தின் மேடு செங்குத்தாகும், தூக்குவிசை குன்றும், விமானம் தாழும். விமானிகள் பலர் உயிரிழந்தமைக்கு இதுவே காரணம்.

இவ்வுண்மையை ஆராய அவர் கொண்ட கருவி, கையாற் சுழற்றும் சக்கரத்தால் நீரோடச் செய்த சிறு தொட்டியேயாம். நீரிற் கலந்த நுண்டுகள்கள் ஓட்டத்தின் போக்கைக் கண்ணுக்குப் புலப்படுத்தின.

அவ்வாண்டே கொட்டிங்கன் சென்றவர், ஆயுள் முழுவதும் அங்கேயே கற்பித்தார். பிளாசியசு, வொன் கார்மான் முதலியோர் அவர்தம் மாணாக்கர். 1925இல் பாய்பொருள் ஆராய்ச்சி நிலையமொன்றின் தலைவரானார். ஹிட்லர் ஆட்சியில் அவ்வரசின் விமானத்துறைக்கு அவர் உழைத்தமை அவர் வாழ்வில் விழுந்த நிழல்; அதனை யாம் மறைத்தற்கில்லை. நோபல் பரிசு அவர்க்குக் கிட்டிலது. 1953 ஆகஸ்ட் 15இல் மறைந்தார்.

ஆய்கூடத்திற் பரிசோதனை எதிர்பார்த்தபடி முடியாவிடின், குறிப்பேட்டில் எண்ணை மாற்றி எழுதும் மாணவரை யாம் கண்டதுண்டு. அன்னார் நூரம்பேர்க்குக் குழாயை நினைவிற் கொள்வாராக. எதிர்பார்த்தபடி அமுக்கம் உயர்ந்திருப்பின், பிரான்டில் அவ்வினாவை எழுப்பியிருக்கமாட்டார்.