பென்னிகுவிக்: அணையும் அதன் வாடகையும்

தேனி மாவட்டத்தில் தைப்பொங்கலை ஒட்டி ஓர் ஆங்கிலேயரின் பிறந்தநாளும் கொண்டாடப்படுகிறது. அவர் படத்துக்கு மாலையிட்டுப் பொங்கல் வைக்கும் ஊர்கள் உண்டு. பிள்ளைகளுக்கு அவர் பெயரைச் சூட்டும் குடும்பங்களும் உண்டு. முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய பொறியாளர் ஜான் பென்னிகுவிக்தான் அவர். அணை கட்டிய கதையை நம்மில் பலர் கேட்டிருப்போம். அந்த அணைக்காக எழுதப்பட்ட வாடகைக் கணக்கை அறிந்தவர் சிலரே. அண்டை மாநிலத்து ஆற்று நீரையும் நம்பி வாழும் மலாக்காத் தமிழராகிய நமக்கு அக்கணக்கு ஒரு பாடமாகும்.

பென்னிகுவிக் 1841 ஜனவரி 15ஆம் நாள் பூனாவில் பிறந்தார். தந்தை ராணுவ அதிகாரி. 1849இல் நடந்த சிலியன்வாலா போரில் தந்தையும் அண்ணனும் ஒரே நாளில் மாண்டனர். அவருக்கு எட்டு வயது நிறைய அன்று இரண்டு நாள்களே இருந்தன. இங்கிலாந்தில் கல்வியையும் ராணுவப் பயிற்சியையும் முடித்த அவர், 1860இல் சென்னைப் பொறியாளர் படையின் இளம் அதிகாரியாக இந்தியா திரும்பினார்.

அக்காலத்தில் பெரியாறு மேற்கு நோக்கிப் பாய்ந்து அரபிக்கடலில் கலந்தது. மலைக்குக் கிழக்கே மதுரைச் சீமையோ மழையை எதிர்பார்த்துக் காய்ந்து கிடந்தது. ஆற்றைக் கிழக்கே திருப்பலாம் என்ற எண்ணம் பென்னிகுவிக்குக்கு முன்பே தோன்றிவிட்டது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே இராமநாதபுரம் அமைச்சர் முத்து இருளப்பப் பிள்ளை அதற்கு வழி தேடினார். பணம் இல்லாததால் அம்முயற்சி நின்றது. 1876 முதல் 1878 வரை நீடித்த பெரும் பஞ்சம் இலட்சக்கணக்கான உயிர்களைக் குடித்த பிறகே அரசு விழித்தது. 1882இல் திட்டம் தீட்டும் பொறுப்பு பென்னிகுவிக்கிடம் வந்தது.

அணை நிற்க வேண்டிய இடம் திருவிதாங்கூர் சமஸ்தானத்துக் காடு. ஆகவே, 1886 அக்டோபர் 29ஆம் நாள் குத்தகை ஒப்பந்தம் கையெழுத்தானது. நீரில் மூழ்கும் 8,000 ஏக்கருக்கு, ஏக்கர் ஒன்றுக்கு ஆண்டுக்கு 5 ரூபாய், மொத்தம் 40,000 ரூபாய். காலம் 999 ஆண்டுகள்! வாடகையை இடையில் திருத்த அதில் வழி வைக்கப்படவில்லை.

1887இல் வேலை தொடங்கியது. காட்டாற்று வெள்ளம் கட்டியதை அடித்துச் சென்றது. மலேரியாவும் காலராவும் நூற்றுக்கணக்கான தொழிலாளர்களைப் பலிகொண்டன. பென்னிகுவிக் பின்வாங்கவில்லை. சுண்ணாம்பும் சுர்க்கியும் கொண்டு அணை எழுந்தது. மலையைக் குடைந்து ஒரு மைலுக்கும் அதிக நீளமான சுரங்கம் வெட்டப்பட்டது. 1895 அக்டோபர் 10ஆம் நாள் சென்னை ஆளுநர் வென்லாக் பிரபு அணையைத் திறந்து வைத்தார். பெரியாற்று நீர் வைகையில் கலந்து வயல்களுக்குப் பாய்ந்தது.

பின்னர் பென்னிகுவிக் இங்கிலாந்தில் கூப்பர்ஸ் ஹில் பொறியியல் கல்லூரிக்குத் தலைமை ஏற்றார். 1899இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் ஆற்று வெள்ளத்தைத் தடுக்க ஆலோசனை கூறினார். 1911 மார்ச் 9ஆம் நாள் கேம்பர்லியில் இயற்கை எய்தினார்.

அவர் உருவாக்கிய ஏரி அவர் எண்ணியிராத இன்னொரு வாழ்வையும் பெற்றது. ஏரியைச் சூழ்ந்த காடு 1934இல் சரணாலயமானது. 1978இல் புலிகள் காப்பகமானது. இன்று தேக்கடியில் சுற்றுலாப் பயணிகள் கட்டணம் செலுத்திப் படகில் செல்கின்றனர். நுழைவுக் கட்டணத்தோடு பெறும் கூடுதல் தொகை, 2004இல் அமைந்த பெரியாறு அறக்கட்டளை வழியாகக் காட்டுக்கும் அதைச் சார்ந்த மக்களுக்கும் செலவாகிறது. முன்பு காட்டில் திருட்டுத்தனமாகப் பட்டை உரித்தவர்களே இன்று வழிகாட்டிகளாகப் பிழைக்கின்றனர்.

நீர் தமிழகத்துக்கு; காடும் காவலும் கேரளத்துக்கு. இந்நிலையில் பழைய வாடகை எப்படி நிலைக்கும்? 1970இல் புதிய உடன்பாடு ஏற்பட்டது. ஏக்கருக்கு 30 ரூபாய் என்றும், 30 ஆண்டுகளுக்கு ஒருமுறை அதைத் திருத்தலாம் என்றும் முடிவானது. மீன்பிடி உரிமை கேரளத்துக்குச் சென்றது. மின்னுற்பத்திக்குத் தமிழகம் தனிக் கட்டணம் செலுத்த இசைந்தது. அணையின் பாதுகாப்பைப் பற்றிய வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது வேறு கதை. ஆனால், கட்டணத்தைத் திருத்த வழி இல்லாத ஒப்பந்தம் தலைமுறைகளுக்கு மனக்கசப்பைச் சேர்த்து வைக்கும் என்பதில் ஐயமில்லை.

இப்போது நம் மாநிலத்தைப் பார்ப்போம். 1991இல் டுரியான் துங்கால் நீர்த்தேக்கம் வறண்டபோது தோட்டத்திலும் பட்டணத்திலும் பட்ட பாட்டை நம் பெற்றோர் அறிவர். அதன் பின் ஜொகூரின் மூவார் ஆற்று நீரும் மலாக்காவுக்குத் துணையானது. மலேசியாவில் நிலமும் காடும் ஆறும் மாநில அதிகாரத்துக்கு உட்பட்டவை. 2005இல் அரசியலமைப்பு திருத்தப்பட்டு, தீபகற்பத்தில் நீர் விநியோகச் சேவை கூட்டரசும் மாநிலமும் பகிரும் பட்டியலுக்கு மாறியது. ஆறுகளோ மாநிலங்களிடமே உள்ளன. ஆகவே, ஆற்றின் மேற்பகுதியில் காட்டை வெட்டாமல் காக்கும் மாநிலத்துக்குக் கீழ்ப்பகுதியில் நீர் பெறுவோர் என்ன தருவது என்ற கேள்வி நமக்கும் உரியதே.

குழாயைத் திறந்தால் வரும் நீருக்குப் பில் கட்டுகிறோம். அந்தப் பணத்தில் எவ்வளவு குழாய்க்கும் பம்புக்கும் போகிறது, எவ்வளவு காட்டைக் காப்பவருக்குப் போகிறது என்று கேட்கப் பட்டதாரிகளாகிய நாம் பழக வேண்டும். பென்னிகுவிக் கட்டிய அணை நூற்றாண்டைத் தாண்டி நிற்கிறது. அதற்காக அன்று எழுதிய வாடகையோ நூற்றாண்டு காண்பதற்குள் மாற்றப்பட்டது. நீரைப் பகிர்வோர் இரண்டையும் நினைவில் வைத்தல் நன்று.