ரப்பர் ரிட்லியும் புக்கிட் தீமா காடும்

நம்மில் எத்தனை பேருடைய பாட்டன், பூட்டன் பால்மரம் வெட்டியவர்கள்! என் பாட்டியும் ஜொகூரில் ஒரு தோட்டத்தில் மரம் வெட்டியவர்தான். மரத்தைக் கொல்லாமல் ஆண்டுக்கணக்கில் பாலெடுக்கும் அந்த வெட்டுமுறையை வகுத்தவர் சிங்கப்பூரில் வாழ்ந்த ஹென்ரி நிக்கலஸ் ரிட்லி.

1855இல் இங்கிலாந்தில் பிறந்த அவர், ஆக்ஸ்ஃபர்டில் படித்து, லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் பணியாற்றினார். 1888இல் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் முதல் அறிவியல் இயக்குநராக வந்து சேர்ந்தார். ரப்பர் நாற்றுகள் 1877லேயே இங்கு வந்திருந்தும் சீந்துவாரில்லை. ரிட்லி மீன்முள் வடிவில் பட்டையை மெல்லச் சீவிப் பார்த்தார். பால் வடிந்தது, பட்டையும் மீண்டும் வளர்ந்தது! சட்டைப் பையில் விதைகளோடு தோட்ட முதலாளிகளை விரட்டி விரட்டிக் கேட்டார். அவர்களோ கிறுக்கர் என்று சிரித்தார்கள். 1896இல் மலாக்காவின் டான் சே யான் துணிந்து நட்டார். பிறகு மோட்டார் கார் பெருகியது. ரப்பர் விலை ஏறியது. தீபகற்பத்தின் காடுகள் சாய்ந்தன. நம்மவர்கள் ஆயிரமாயிரமாய்க் கப்பலேறினார்கள்.

இதே ரிட்லிதான் காடுகளுக்கும் பொறுப்பதிகாரி என்பது விந்தை! சிங்கப்பூர்க் காட்டின் பெரும்பகுதியைக் காம்பீர்த் தோட்டங்கள் அவருக்கு முன்பே விழுங்கிவிட்டன. 1883இல் காப்புக்காடான புக்கிட் தீமா போன்ற சில துண்டுகளே மிச்சம். அவற்றில் செடி செடியாகச் சேகரித்து, 1900இல் இத்தீவின் தாவரப் பட்டியலை வெளியிட்டார். ஓய்வுபெற்று இங்கிலாந்து திரும்பியபின், மலாயாத் தீபகற்பத் தாவரங்களை ஐந்து தொகுதிகளாக 1922 முதல் 1925 வரை பதிப்பித்தார். எண்பது வயதைக் கடந்து திருமணம் செய்துகொண்ட அவர், நூறு வயதையும் கடந்து 1956இல் மறைந்தார்.

இவரைப் போற்றுவதா, பழிப்பதா? அவர் கொடுத்த பயிர் காட்டை அழித்தது. எங்கள் குடும்பத்துக்குச் சோறும் போட்டது. ஆனால் அவர் எழுதிவைத்த பட்டியலும் உலர்த்திவைத்த செடிகளும் இல்லையென்றால், இழந்தது என்னவென்றுகூட நமக்குத் தெரிந்திராது. இரு நூற்றாண்டுகளில் சிங்கப்பூர் தன் உயிரினங்களில் ஏறத்தாழ 37 விழுக்காட்டை இழந்திருக்கலாம் என்று 2023இல் வெளிவந்த ஓர் ஆய்வு மதிப்பிடுகிறது. இப்படிக் கணக்கிடப் பழைய பதிவுகளே ஆதாரம்.

நண்பர்களே, லிட்டில் இந்தியாவில் ரயிலேறி பியூட்டி வேர்ல்டில் இறங்கினால் புக்கிட் தீமா குன்று நடக்கும் தூரம்தான். ஒருநாள் போய்ப் பாருங்கள். அங்குள்ள மரங்களில் பத்துக்காவது தமிழில் பெயர் தேடி எழுதிவைப்போம். பெயர் தெரியாத மரம் வெட்டப்பட்டால் யார் கேட்கப் போகிறார்கள்?