கோ. வெங்கடசாமி

கோவிந்தப்ப வெங்கடசாமி (அக்டோபர் 1, 1918 - சூலை 7, 2006) தமிழகத்தைச் சேர்ந்த கண் அறுவை மருத்துவர்; மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் நிறுவனர். கண்புரை அறுவையை ஏழை எளியோர் அஞ்சாமல் செய்துகொள்ளும் எளிய சிகிச்சையாக மாற்றியவர்களுள் இவர் முதன்மையானவர். மருத்துவ வட்டாரத்தில் டாக்டர் வி எனப்பட்டார்.

இளமை

கோவில்பட்டிக்குக் கிழக்கே, எட்டயபுரம் வட்டாரக் கரிசல் பூமியிலுள்ள வடமலாபுரத்தில் (இன்றைய தூத்துக்குடி மாவட்டம்) வேளாண் குடும்பமொன்றில் மூத்த மகனாகப் பிறந்தார். தாளும் பென்சிலும் அரிதான அவ்வூரில் பிள்ளைகள் ஆற்று மணலில் எழுதிப் பழகினர். உறவுப் பெண்கள் மூவர் பேறுகாலச் சிக்கலால் இறந்தது அவரை மருத்துவத்தின்பால் ஈர்த்தது. மதுரை அமெரிக்கன் கல்லூரியில் வேதியியல் பட்டமும் (1938), சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் மருத்துவப் பட்டமும் (1944) பெற்று, இராணுவ மருத்துவப் பிரிவில் சேர்ந்தார்.

நோயும் திசைமாற்றமும்

முடக்குவாதத்தால் 1948இல் இராணுவத்தை விட்டு விலகினார். நெடுநாள் படுக்கையில் கிடந்தார். எழுதுகோலைக்கூடப் பிடிக்க இயலவில்லை. மகப்பேறு மருத்துவராகும் எண்ணம் கைவிடப்பட்டது. கண் மருத்துவம் பயின்று, கோணிப்போன விரல்களால் அறுவைக் கத்தியைப் பிடிக்கத் தம்மைப் பழக்கிக்கொண்டார். 1956 முதல் மதுரை மருத்துவக் கல்லூரியிலும் அரசு எர்ஸ்கின் மருத்துவமனையிலும் (இன்றைய அரசு இராசாசி மருத்துவமனை) பணிபுரிந்தார். வாழ்நாளில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைகளைச் செய்தார். வலியைத் தாமே நெடுங்காலம் அனுபவித்தவர் என்பதை அவரது பணியைப் படிக்கும்போது நினைவிற்கொள்ளுதல் தகும்.

நோயாளியின் நிலை

அக்காலத்தில் கண்புரை அறுவையைவிட அதற்குப் பிந்தைய நாட்களே கொடியவை. புரை படிந்த வில்லை, உறையோடு முழுமையாக அகற்றப்பட்டது. விழியில் இடப்படும் கீறல் பெரியதாகையால், இருமினாலும் தும்மினாலும் காயம் பிரியக்கூடும். எனவே கண்ணைக் கட்டி, தலை அசையாதவாறு இருபுறமும் மணல்மூட்டை வைத்து, நோயாளியைப் பல நாட்கள் மல்லாந்து படுக்கவைத்தனர். பின்னர் தடித்த கண்ணாடி அணிய வேண்டும். அது தொலைந்தால் பார்வை மீண்டும் மங்கிவிடும். அன்றாடக் கூலியை நம்பிய கரிசல் உழவருக்கு இத்தனை நாள் இழப்பு பெரிது. இலவசம் என்றாலும் பலர் வராததற்குப் பயமும், வழிச்செலவும், துணைக்கு ஆளின்மையும் காரணங்களாயின.

அரவிந்த்

58ஆம் வயதில் ஓய்வு பெற்று, 1976இல் உடன்பிறந்தோருடன் இணைந்து 11 படுக்கைகளுடன் மருத்துவமனையைத் தொடங்கினார். ஸ்ரீ அரவிந்தரின் பெயரே அதற்கு இடப்பட்டது. முகாமில் தேர்வானோரைப் பேருந்தில் அழைத்துவந்து, உணவும் தங்குமிடமும் தந்து, திரும்பக் கொண்டுசேர்க்கும் முறை உருவானது. கட்டணம் செலுத்துவோரின் பணம் இலவச சிகிச்சைக்கும் உதவியது.

முழு மயக்கமின்றி, கண்ணருகே ஊசி மூலம் மரப்பு மருந்து செலுத்துவதே இங்கு வழக்கம். நோயாளி விழித்தே இருப்பார். முதியோருக்கு முழு மயக்கத்தின் இடர்கள் நேரா. முழு மயக்கத்திற்குப் பின் வரும் வாந்தி கண்ணின் அழுத்தத்தைக் கூட்டும். அதுவும் இங்கு தவிர்க்கப்பட்டது. ஒருவருக்கு அறுவை நடக்கையில் அடுத்தவர் பக்கத்து மேசையில் ஆயத்தமாக்கப்பட்டார். கிராமத்துப் பெண்களே பயிற்சி பெற்றுச் செவிலியப் பணியை ஏற்றனர். தம்மைப் போன்றே பேசும் ஒரு பெண் அருகில் நிற்பது, எந்த அறிவுரையையும்விட நோயாளியின் அச்சத்தைத் தணித்திருக்கும்.

1992இல் தொடங்கப்பட்ட அரோலேப் நிறுவனம், இறக்குமதியில் மிக விலையுயர்ந்திருந்த செயற்கை வில்லைகளை மலிவாகத் தயாரித்தது. கண்ணுக்குள்ளேயே வில்லை பொருத்தப்பட்டதால் தடித்த கண்ணாடி தேவையற்றுப்போனது. தையலற்ற சிறுகீறல் முறை பரவியபின் நோயாளி மேசையிலிருந்து எழுந்து நடந்தே சென்றார். மறுநாள் கட்டு அவிழ்க்கப்பட்டது.

இறுதிக்காலம்

தேனி (1985), திருநெல்வேலி (1988), கோயம்புத்தூர் (1997), புதுச்சேரி (2003) ஆகிய இடங்களிலும் மருத்துவமனைகள் அமைந்தன. திருநெல்வேலிக் கிளை கரிசல் வட்டார மக்களுக்கு மதுரைப் பயணத்தை மிச்சப்படுத்தியது. 1973இல் பத்மஸ்ரீ விருது பெற்ற இவர், திருமணம் செய்துகொள்ளாமலே வாழ்ந்து, 87ஆம் வயதில் மதுரையில் காலமானார்.