ஆர்தர் ஹோம்ஸ்

ஆர்தர் ஹோம்ஸ் (ஜனவரி 14, 1890 – செப்டம்பர் 20, 1965) ஒரு பிரித்தானிய நிலவியலாளர் ஆவார். கதிரியக்கச் சிதைவைக் கொண்டு பாறைகளின் வயதைக் கணிக்கும் முறையை நிலவியலில் நிலைபெறச் செய்தவர் இவரே.

வாழ்க்கைக் குறிப்பு

இவர் வட இங்கிலாந்தில் கேட்சுகெட் நகருக்கு அருகில் பிறந்தார். லண்டன் ராயல் அறிவியல் கல்லூரியில் இயற்பியல் கற்கச் சென்று, பின்னர் நிலவியலுக்கு மாறினார். 1911இல் பணத்தேவையின் காரணமாக மொசாம்பிக்கில் கனிமத் தேடல் பணியை ஏற்றார். அங்கு மலேரியாக் காய்ச்சல் கடுமையானதால், இவர் இறந்துவிட்டதாகவே ஊருக்குச் செய்தி அனுப்பப்பட்டது. 1920இல் எண்ணெய் நிறுவனம் ஒன்றின் நிலவியலாளராகப் பர்மா சென்றார். அந்நிறுவனம் நொடித்துப் போனது. இவருடைய சிறு மகனும் அங்கு வயிற்றுக்கடுப்பு நோயால் இறந்தான். 1924இல் டர்ஹாம் பல்கலைக்கழகத்திலும், 1943இல் எடின்பரோ பல்கலைக்கழகத்திலும் பணியேற்றார்.

பாறைகளின் வயது

யுரேனியம் ஒரு மாறா வீதத்தில் சிதைந்து இறுதியில் ஈயமாக மாறுகிறது. யுரேனியம்-238இன் அரைவாழ்வுக் காலம் சுமார் 447 கோடி ஆண்டுகள். எனவே, ஒரு கனிமம் படிகமானபோது அதில் ஈயம் இல்லாதிருந்து, பின்னர் எதுவும் வெளியேறாமலும் இருந்தால், அதிலுள்ள ஈயத்துக்கும் யுரேனியத்துக்கும் உள்ள விகிதம் அதன் வயதைத் தரும். அமெரிக்கரான பெர்ட்ரம் போல்ட்வுட் 1907இல் இம்முறையைப் பயன்படுத்தினார். அதன்பின் அவர் அதைத் தொடரவில்லை.

ஹோம்ஸ் அதைக் கைவிடவில்லை. 1911இல் வெளியான இவரது கட்டுரை, நார்வேயின் டெவோனியன் காலப் பாறை ஒன்றுக்கு 37 கோடி ஆண்டுகள் வயது கணித்தது. அதில் இருந்த மிகப் பழைய வயது இலங்கைக் கனிமம் ஒன்றினுடையது: 164 கோடி ஆண்டுகள். ஓரிடத்தான்கள் (ஐசோடோப்புகள்) பற்றி அப்போது அறியப்படவில்லை. தோரியமும் ஈயமாகச் சிதைவது உறுதிப்படவில்லை. ஆகவே அந்த எண்களில் பல பின்னர் திருத்தப்பட்டன. எனினும் முறையின் அடிப்படை நிலைத்தது.

எதிர்ப்பு

கெல்வின் பிரபு, புவி குளிர்வதைக் கொண்டு அதன் வயதை 2 முதல் 4 கோடி ஆண்டுகள் எனக் கணித்திருந்தார். கடலில் சேர்ந்த உப்பைக் கொண்டு சுமார் 10 கோடி ஆண்டுகள் எனக் கணித்தோரும் இருந்தனர். 1913இல், தமது 23ஆம் வயதில், ஹோம்ஸ் "புவியின் வயது" என்ற பொருளிலான நூலை வெளியிட்டு, புவி குறைந்தது 160 கோடி ஆண்டுகள் பழமையானது எனக் காட்டினார். நிலவியலாளர் பலர் இதை ஏற்கத் தயங்கினர். 1931இல் அமெரிக்கத் தேசிய ஆய்வு மன்றத்தின் அறிக்கை, இவரையும் ஆசிரியருள் ஒருவராகக் கொண்டு, கதிரியக்க முறையே நம்பத்தக்கது என முடிவு செய்தது.

1946இல், ஆல்ஃபிரட் நீர் அளந்த ஈய ஓரிடத்தான் விகிதங்களைப் பயன்படுத்திப் புவியின் வயதைச் சுமார் 300 கோடி ஆண்டுகள் எனக் கணித்தார். ஜெர்மானியரான ஹௌட்டர்மான்சும் அதே ஆண்டில் தனியாக இதே வழிமுறையை அடைந்தார். இதன் வழி வந்த முறையைக் கொண்டே, விண்கற்களை ஆராய்ந்த கிளேர் பேட்டர்சன் 1956இல் 455 கோடி ஆண்டுகள் என்ற வயதை வெளியிட்டார். இன்றைய மதிப்பும் ஏறத்தாழ இதுவே.

பிற பங்களிப்புகளும் விருதுகளும்

புவியின் மூடகத்தில் நிகழும் வெப்பச்சலனமே கண்டங்களை நகர்த்துகிறது என்ற கருத்தை, கண்டப்பெயர்ச்சிக் கொள்கையைப் பலர் மறுத்த காலத்திலேயே இவர் முன்வைத்தார். 1944இல் வெளிவந்த இவரது இயற்பிய நிலவியல் பாடநூல் பல தலைமுறை மாணவர்களுக்குப் பயன்பட்டது. 1956இல் வோலஸ்டன் பதக்கமும் பென்ரோஸ் பதக்கமும், 1964இல் வெட்லசன் பரிசும் பெற்றார். செவ்வாய்க் கோளின் ஒரு கிண்ணக்குழிக்கு இவரது பெயர் சூட்டப்பட்டுள்ளது.