வீட்டைக் காரில் பூட்டிய விமானி!

அமெரிக்க நாட்டுச் சாலைகளிலே ஒரு வேடிக்கையான காட்சியைக் காணலாம்.

முன்னால் ஒரு பிக்கப் லாரி போகும். அதன் பின்னால் ஒரு வீடே போகும்!

படுக்கை அறை, சமையல் அறை, குளியல் அறை எல்லாம் உள்ள வீடு. அதற்குச் சக்கரங்கள் உண்டு. என்ஜின் கிடையாது. லாரிதான் அதை இழுத்துக்கொண்டு போக வேண்டும்.

வீட்டின் முன்பகுதி நீண்டு வந்து, லாரியின் முதுகிலே ஏறி உட்கார்ந்திருக்கும். துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகளைப் பார்த்திருப்பீர்கள். அதே முறைதான். இந்த இணைப்புக்கு "ஐந்தாவது சக்கரம்" என்று பெயர்.

சொந்தக் காரின் முதுகிலே இப்படி ஒரு வீட்டைப் பூட்டி, குடும்பத்தோடு ஊர் சுற்றலாம் என்று காட்டிய முன்னோடி யார் தெரியுமா?

அவர் வீடு கட்டும் மேஸ்திரி அல்ல. லாரிக் கம்பெனி முதலாளியும் அல்ல. அவர் ஓர் ஆகாய விமானி!

பெயர், கிளென் கர்ட்டிஸ்.

சேணக்காரர் மகன்

நியூயார்க் மாநிலத்தில் ஹாமண்ட்ஸ்போர்ட் என்று ஒரு சிற்றூர். ஏரிக்கரை ஊர். அங்கே 1878-ம் ஆண்டு மே மாதம் 21-ந் தேதி கர்ட்டிஸ் பிறந்தார்.

தகப்பனார் சேணம் செய்பவர். குதிரையை வண்டியில் பூட்டும் தோல்வார்களைத் தைப்பது அவர் தொழில். மகனுக்கு ஐந்து வயது ஆவதற்குள் அவர் இறந்துபோனார்.

குடும்பத்துக்கு இன்னொரு அடி விழுந்தது. கர்ட்டிசின் தங்கை ருத்தாவுக்கு மூளைக் காய்ச்சல் கண்டது. உயிர் பிழைத்தாள். காது போய்விட்டது. காது கேளாத பிள்ளைகளுக்கான பள்ளிக்கூடம் ராச்செஸ்டர் நகரில் இருந்தது. குடும்பம் அங்கே குடிபெயர்ந்தது.

கர்ட்டிஸ் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தினார். ஈஸ்ட்மன் போட்டோ பிலிம் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். சைக்கிளில் போய்த் தந்தி கொடுக்கும் வேலையும் செய்தார்.

சைக்கிளை மிதித்தவருக்கு வேகத்தில் ஆசை பிறந்தது. பந்தயங்களில் ஓடினார், ஜெயித்தார். சொந்த ஊர் திரும்பி சைக்கிள் கடை வைத்தார். 1898-ல் லீனா என்ற பெண்ணை மணந்தார். முதல் ஆண் குழந்தை ஒரு வயதுகூட நிறையாமல் இறந்தது. அந்தத் துயரத்துக்கு நடுவிலும் கடை வேலை நடந்தது.

தக்காளி டப்பா!

சைக்கிளில் ஓர் என்ஜினைப் பொருத்தினால் என்ன என்று கர்ட்டிஸ் நினைத்தார். என்ஜினுக்குப் பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும் கருவி வேண்டும். கையில் காசு இல்லை. காலியான தக்காளி டப்பாவை எடுத்து அந்தக் கருவியைச் செய்துகொண்டார்!

வண்டி ஓடியது. சைக்கிள் கடை, மோட்டார் சைக்கிள் தொழிற்சாலை ஆயிற்று.

1907-ம் ஆண்டு ஜனவரியில் புளோரிடா மாநிலத்துக் கடற்கரைக்கு ஒரு பயங்கர மோட்டார் சைக்கிளைக் கொண்டுபோனார். அதில் எட்டு சிலிண்டர் என்ஜின்! ஒரு மைல் தூரத்தை 26 விநாடி சொச்சத்தில் கடந்தார். மணிக்கு 136 மைல் வேகம்! பூமியிலே அதற்கு முன் எந்த மனிதனும் அந்த வேகத்தில் வண்டி ஓட்டியதில்லை.

ஆனால் திரும்பி ஓட்டும்போது, என்ஜினின் சக்தியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் இணைப்பு உடைந்தது. சட்டம் வளைந்தது. அவர் உயிர் தப்பியது அதிசயம். அந்தச் சாதனை அதிகாரப் பட்டியலிலும் ஏறவில்லை.

என்ஜின் பலமாக இருந்தது. இணைப்புதான் கைவிட்டது. இதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

வானத்திலே...

டெலிபோனைக் கண்டுபிடித்த கிரகாம் பெல் அப்போது பறக்கும் ஆராய்ச்சியில் இறங்கியிருந்தார். எடை குறைந்த, சக்தி மிகுந்த என்ஜின் தேவை. கர்ட்டிசைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டார்.

1908 ஜூலை 4-ந் தேதி, முன்கூட்டியே அறிவித்து, ஊரார் முன்னிலையில் கர்ட்டிஸ் பறந்தார். ஒரு கிலோமீட்டருக்கு மேல் பறந்து பரிசுக் கோப்பை பெற்றார். அடுத்த ஆண்டு பிரான்சில் ரைம்ஸ் நகரப் பந்தயத்தில், ஆங்கிலக் கால்வாயைப் பறந்து கடந்த பிளேரியோவைத் தோற்கடித்தார். இருவருக்கும் நடுவே வித்தியாசம் 6 விநாடிகூட இல்லை! 1910-ல் ஆல்பனியிலிருந்து நியூயார்க்குக்கு ஹட்சன் ஆற்றை ஒட்டிப் பறந்தார். பரிசு 10,000 டாலர். 1911-ல் நீரிலே மிதந்து, நீரிலிருந்தே எழும்பும் விமானத்தை ஓட்டிக் காட்டினார்.

புகழோடு வழக்கும் வந்தது. விமானத்தின் சமநிலையைக் காக்கும் முறை தங்களுக்கே உரியது என்று ரைட் சகோதரர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். பல ஆண்டுகள் இழுத்தது. 1914-ல் தீர்ப்பு ரைட்டுக்குச் சாதகமாயிற்று. 1917-ல், போர் அவசரத்தில், விமானக் காப்புரிமைகளை எல்லோரும் பகிர்ந்துகொள்ள ஏற்பாடு நடந்தது. அதோடு சண்டை ஓய்ந்தது. யார் பக்கம் நியாயம் என்று இன்றும் வாதம் செய்கிறவர்கள் உண்டு.

முதல் உலகப் போரில் அவருடைய கம்பெனி விமானங்கள் ஆயிரக்கணக்கில் தயாராயின. பெரும் பணம் சேர்ந்தது. 1920-ஐ ஒட்டி விமானத் தொழிலிலிருந்து ஒதுங்கினார். புளோரிடாவிலே நிலம் வாங்கினார். ஹயலியா, மயாமி ஸ்பிரிங்ஸ், ஓபா-லாக்கா என்று மூன்று ஊர்களை உருவாக்கினார்!

ஊர் கட்டியவருக்கு ஊர் சுற்றவும் ஆசை. அங்கேதான் நம் கதை வருகிறது.

தரையில் ஓடிய விமானம்

காட்டுக்கு வேட்டைக்கும் முகாமுக்கும் போவது கர்ட்டிசுக்குப் பிடித்த பொழுதுபோக்கு. கூடாரம் அடித்துத் தூங்குவதைவிட வீட்டையே கொண்டுபோனால் நல்லது அல்லவா? தாய் வழித் தம்பி கார்ல் ஆடம்சுடன் சேர்ந்து சக்கர வீடு ஒன்றைச் செய்தார். அதைத் திருத்தித் திருத்தி, 1928-ஐ ஒட்டி "ஏரோகார்" என்ற வண்டியைக் கொண்டுவந்தார்.

அதை இரும்பில் வார்க்கவில்லை. விமானத்தைச் செய்வதுபோலச் செய்தார். மெல்லிய மரச்சட்டம். அதை விறைப்பாக வைக்க இழுத்துக் கட்டிய கம்பிகள். எடை குறைவு, பலம் அதிகம். உள்ளே படுக்கைகள். முன்னால் கார் ஓட்டும் டிரைவரோடு பேச டெலிபோன்கூட உண்டு!

எல்லாம் சரி. இதைக் காரில் எப்படிப் பூட்டுவது?

காரின் வாலிலே ஒரு கொக்கி வைத்து இழுக்கலாம். பலர் அப்படித்தான் செய்தார்கள். அதில் ஓர் ஆபத்து உண்டு. பின் சக்கரங்களுக்கு வெகு பின்னால் பாரம் தொங்கினால், காரின் வால் தாழும், முன்பக்கம் லேசாகும். திருப்பும் சக்கரங்கள் சாலையைப் பிடிக்காது. பக்கக் காற்று அடித்தால் பின்வண்டி ஆடும். அந்த ஆட்டம் காரின் வாலைப் பிடித்து இப்படியும் அப்படியும் உலுக்கும். நாய் வாலை ஆட்டுவது போய், வால் நாயை ஆட்டும்!

கர்ட்டிஸ் பாரத்தை வாலில் தொங்கவிடவில்லை. காரின் பின் சக்கர அச்சுக்கு மேலே கொண்டுவந்து உட்காரவைத்தார். பாரம் நேரே அச்சில் இறங்கியது. ஆட்டம் அடங்கியது.

உட்காரவைத்த விதம்தான் அழகு. ஒரு விமானச் சக்கரத்தை, காற்று அடித்த டயரோடு, காரின் பின்பகுதியிலே படுக்கவைத்தார். வீட்டின் மூக்கிலிருந்து இறங்கும் முளை அந்தச் சக்கரத்தின் நடுத் துவாரத்தில் இறங்கும். சாலைப் பள்ளத்தின் அதிர்ச்சியை டயரிலுள்ள காற்றே வாங்கிக்கொள்ளும். காருக்கு நான்கு சக்கரம், படுத்திருப்பது ஐந்தாவது!

"ஐந்தாவது சக்கரம்" என்ற பெயர் அவர் வைத்தது அல்ல. குதிரை வண்டிக் காலத்துப் பெயர் அது. வண்டியின் முன் அச்சு திரும்புவதற்காக, அச்சுக்கும் வண்டிக்கும் நடுவே ஒரு வளையம் படுத்த நிலையில் இருக்கும். அதைத்தான் அப்படி அழைத்தார்கள். சேணம் தைத்த தகப்பனாருக்கு அந்தப் பெயர் நன்றாகத் தெரிந்திருக்கும்!

கார் சின்னது, வீடு பெரியது

கர்ட்டிஸ் இன்னொரு சங்கடத்தையும் சமாளிக்க வேண்டியிருந்தது. கார் குட்டை. இணைப்பு இருக்கும் இடத்துக்கும் காரின் கூண்டுக்கும் நடுவே இடம் குறைவு. திரும்பும்போது வீட்டின் மூலை கூண்டிலே இடிக்குமே! ஏரோகாரின் முன்பகுதியைப் படகின் மூக்குபோலக் குறுகலாகச் செய்தார். மூலையே இல்லாவிட்டால் எது இடிக்கும்?

இதே சங்கடம் இன்றும் இருக்கிறது. பிக்கப் லாரிகளில் நீளத் தொட்டி உள்ளது 8 அடி. குட்டைத் தொட்டி ஐந்தரை அடி முதல் ஆறரை அடி வரை. குடும்பத்தோடு போக நான்கு கதவு வேண்டும் என்பதற்காகப் பலர் குட்டைத் தொட்டி வண்டியை வாங்குகிறார்கள். பிறகு 8 அடி அகல வீட்டை வாங்குகிறார்கள். பிறகுதான் கணக்குப் பார்க்கிறார்கள்!

கணக்கு சுலபம். 8 அடியில் பாதி 4 அடி. வண்டியை மடக்கித் திருப்பும்போது வீட்டின் பக்கம் முளையிலிருந்து 4 அடி முன்னே வந்துவிடும். மூலை அதையும் தாண்டும். குட்டைத் தொட்டியில் அச்சுக்கும் டிரைவர் கூண்டுக்கும் நடுவே 4 அடிகூட இருப்பதில்லை. பின்கண்ணாடி என்ன ஆகும் என்று சொல்லவும் வேண்டுமா?

நேர்ச் சாலையில் இந்த ஆபத்து தெரியாது. ராத்திரி முகாமுக்கு வந்து, பின்னால் நகர்த்தி மடக்கும்போதுதான் தெரியும்.

அதனால் குட்டைத் தொட்டிக்காரர்கள் நகரும் இணைப்பை வாங்குகிறார்கள். சாலையில் ஓடும்போது அது அச்சுக்கு மேல் நிற்கும். மடக்க வேண்டிய இடம் வந்தால், வண்டியை நிறுத்தி, வீட்டின் சக்கரத்துக்கு முட்டுக்கொடுத்து, பூட்டை விடுவித்து, லாரியை மெல்ல முன்னே எடுக்க வேண்டும். இணைப்பு ஓர் அடி அளவுக்குப் பின்னால் நகர்ந்து நிற்கும். மடக்கும் வேலை முடிந்ததும் மறக்காமல் பழைய இடத்துக்குக் கொண்டுவந்து பூட்ட வேண்டும். பின்னால் நகர்ந்த நிலையிலேயே வேகமாக ஓட்டினால், கர்ட்டிஸ் விலக்கிய ஆபத்து திரும்பி வந்துவிடும்.

திரும்பும்போது தானாகவே நகரும் இணைப்பும் உண்டு. அது எடை கூடியது, விலையும் கூடியது. ஆனால் மறதிக்காரருக்கு அதுவே நல்லது. வீட்டின் மூக்கிலேயே மாற்றம் செய்து, சுழலும் இடத்தைப் பின்னுக்குத் தள்ளுகிற முறை மூன்றாவது. மூலை வெட்டிய வீடுகளும் கிடைக்கின்றன. அவை கர்ட்டிசின் படகு மூக்குக்குப் பேரப்பிள்ளைகள்!

இடம் போதுமா என்று பார்த்தவர்கள் பாரத்தை மறந்துவிடுவது உண்டு. வீட்டின் எடையில் 15 முதல் 25 சதவிகிதம் வரை முளையின் வழியே லாரியின் மேல் இறங்கும். 10,000 பவுண்டு வீடு என்றால், ஐந்தில் ஒரு பங்கு 2,000 பவுண்டு. இணைப்பின் எடை, பெட்டி படுக்கை, பிள்ளைகுட்டி எல்லாம் அதற்கு மேல். லாரி எவ்வளவு தாங்கும் என்று டிரைவர் கதவோரத்தில் அச்சிட்டு ஒட்டியிருப்பார்கள். இழுக்கும் சக்தி எவ்வளவு என்று விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போடுவார்கள். இந்தச் சின்ன எழுத்தைத்தான் முதலில் படிக்க வேண்டும்.

கடைசிப் பயணம்

1929-ல் ஒரு விசித்திரம் நடந்தது. கோர்ட்டில் மோதிக்கொண்ட இருவர் பெயரும் ஒன்றாகச் சேர்ந்தன. கர்ட்டிஸ்–ரைட் கம்பெனி பிறந்தது! ஆர்வில் ரைட்டும் கர்ட்டிசும் கைகுலுக்கி நண்பர்களாகி நடந்தது அல்ல அது. முதலாளிகள் செய்த இணைப்பு.

பழைய கூட்டாளி ஒருவர் போட்ட வழக்கு மட்டும் கர்ட்டிசை விடவில்லை. 1930-ல் அதற்காக ராச்செஸ்டர் வந்த சமயத்தில் குடல்வால் நோய் கண்டது. பபலோ நகர ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நடந்தது. தேறி வந்தார். திடீரென்று நுரையீரலில் ரத்தக்கட்டி அடைத்தது. ஜூலை 23-ந் தேதி காலமானார். வயது 52.

அவர் இறந்த பிறகும் ஏரோகார் வண்டிகள் சில ஆண்டுகள் தயாராகிக்கொண்டிருந்தன. 136 மைல் வேகத்தில் ஓடிய மோட்டார் சைக்கிள் ஸ்மித்சோனியன் பொருட்காட்சி சாலைக்குப் போய்ச் சேர்ந்தது. ஹாமண்ட்ஸ்போர்ட்டிலும் அவர் பெயரால் ஒரு பொருட்காட்சி சாலை இருக்கிறது. அவரை அடக்கம் செய்ததும் அந்த ஊரில்தான்.

படுக்கவைத்த விமான டயர் இப்போது இல்லை. அந்த இடத்தில் இரும்புத் தட்டும் தாடையும் வந்துவிட்டன. ஆனால் குலுங்காமல் போக விரும்புகிறவர்களுக்காக, ரப்பர் பையில் காற்று அடைத்த இணைப்புகளை இன்றும் கடையில் விற்கிறார்கள்.