கெல்லர் அம்மையார் எழுதிய தேர்வு

ஹெலன் கெல்லர் அம்மையாரின் பெயர் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். பார்வை இல்லை, கேட்கும் திறன் இல்லை. ஆயினும் பட்டம் பெற்றார், நூல்கள் எழுதினார், உலகைச் சுற்றி வந்தார் என்று பாடநூல் சொல்லும். மன உறுதி இருந்தால் எதையும் வெல்லலாம் என்பதற்கு அவரைச் சான்று காட்டிக் கைதட்டல் வாங்கும் சொற்பொழிவாளர்களும் உண்டு. உறுதி அவருக்கு இருந்தது, மறுப்பாரில்லை. ஆனால், உறுதி ஒன்று மட்டுமா அவரைக் கல்லூரி வாயிலைத் தாண்ட வைத்தது? அவருடைய வாழ்க்கையையே கேட்டுப் பார்ப்போம்.

அமெரிக்காவின் தென்பகுதியிலே, அலபாமா மாநிலத்தில், டஸ்கம்பியா என்னும் சிற்றூரில் 1880 ஜூன் 27-ஆம் நாள் பிறந்தார் ஹெலன். 19-ஆம் மாதத்தில் வந்த நோய் பார்வையையும் செவிப்புலனையும் ஒருசேரப் பறித்துக் கொண்டது. 1887 மார்ச் மாதத்தில் ஆன் சல்லிவன் என்ற 20 வயது ஆசிரியை அந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தார்.

யார் இந்தச் சல்லிவன்? அயர்லாந்திலிருந்து குடியேறிய ஏழைக் குடும்பத்திலே பிறந்தவர். ஏழையர் விடுதியிலே வளர்ந்தவர். கண்ணோயால் பார்வை மங்கி, பாஸ்டன் நகரத்துப் பெர்க்கின்ஸ் பார்வையற்றோர் பள்ளியில் படித்துத் தேறியவர். உள்ளங்கையில் விரல்களால் எழுத்தெழுத்தாக உணர்த்தி, சிறுமிக்கு மொழியைத் தந்தவர் அவர்தாம். குழாயடியில் கையில் தண்ணீர் வழிய வழியச் சொல்லின் பொருள் விளங்கிய நிகழ்ச்சி ஊரறிந்த கதை. நாம் சொல்ல வந்தது, அவ்வளவாகப் பேசப்படாத பிற்காலக் கதை, கேள்வித்தாளின் கதை!

ராட்கிளிஃப் கல்லூரியில் படிக்க வேண்டும் என்பது ஹெலனின் ஆசை. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தோடு இணைந்து நடந்த பெண்கள் கல்லூரி அது. கண்ணும் காதும் உள்ள பெண்களுக்கே எளிதில் இடம் கிடைக்காத கல்லூரி. அதற்குத் தம்மைத் தயாரித்துக் கொள்ள 1896-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகரில் ஒரு பெண்கள் பள்ளியில் சேர்ந்தார். அடுத்த ஆண்டே, 1897 ஜூன் கடைசியில், நுழைவுத் தேர்வின் முதற்பகுதி வந்தது.

எப்படி எழுதினார் அந்தத் தேர்வை? தட்டெழுத்துப் பொறியின் ஓசை மற்ற மாணவியருக்கு இடையூறாகும் என்பதால் தனி அறை தந்தார்கள். அவர் படித்த பள்ளியின் தலைவர் கில்மன் கேள்விகளைக் கைவிரல் எழுத்தால் அவருக்கு உணர்த்தினார். விடையைத் தட்டெழுத்தில் அடித்தார் ஹெலன். முடிந்ததும், அடித்தவற்றைக் கில்மன் திரும்ப உணர்த்த, பிழைகளைத் திருத்திக் கொண்டார். கண்ணுள்ள மாணவி தன் விடைத்தாளை மறுமுறை படித்துப் பார்ப்பதில்லையா? அதே வாய்ப்புத்தான் இது; சலுகையன்று. எழுதிய பாடங்கள் அனைத்திலும் தேறினார். ஜெர்மனிலும் ஆங்கிலத்திலும் சிறப்புத் தேர்ச்சியும் பெற்றார்.

ஈராண்டு கழிந்தது. 1899 ஜூன் 29, 30 நாட்களில் இறுதிப் பகுதி. அதே ஹெலன், அதே உறுதி, முன்னினும் மிகுந்த பயிற்சி. ஆனால், இம்முறை ஏற்பாட்டை மாற்றிவிட்டது கல்லூரி. கேள்விகளைச் சல்லிவன் படித்துச் சொல்லக் கூடாதென்று தடுத்து, பெர்க்கின்ஸ் பள்ளி ஆசிரியர் ஒருவரைக் கொண்டு கேள்வித்தாளைப் புள்ளியெழுத்தில், அதாவது பிரெய்ல் எழுத்தில், பெயர்த்துத் தந்தார்கள். அந்த ஆசிரியர் ஹெலனுக்கு அறிமுகமில்லாதவர். கைவிரல் எழுத்து அறியாதவர். மேற்பார்வையாளரும் அப்படியே. ஐயம் எழுந்தால் கேட்க வழியில்லை.

மொழிப் பாடங்கள் ஒருவாறு கடந்தன. கணிதத்திலே வந்தது கேடு. அந்நாளில் ஆங்கிலத்துக்கே மூன்று வகைப் புள்ளியெழுத்து முறைகள் வழங்கின: ஆங்கில முறை, அமெரிக்க முறை, நியூயார்க் முறை. மூன்றையும் படிக்கத் தெரிந்தவர்தாம் ஹெலன். ஆனால், இயற்கணிதத்துக்கு அவர் பழகியது ஆங்கில முறை ஒன்றே. கேள்வித்தாளோ அமெரிக்க முறையில்! தேர்வுக்கு இரண்டு நாள் முன்னர், பழைய கேள்வித்தாள் ஒன்று கைக்கு வந்தபோதுதான் இது தெரிந்தது. உடனே மடல் எழுதிக் குறியீட்டுப் பட்டியலை வரவழைத்து, அவசரம் அவசரமாகப் படித்தார். தேர்வறையிலே ஒவ்வொரு குறியையும் தடவித் தடவி, இது அடைப்புக் குறியா, மூலக் குறியா என்று தடுமாறினார். அடித்ததைத் திரும்பக் கேட்டுத் திருத்தும் வாய்ப்பும் இம்முறை இல்லை.

தேறிவிட்டார் என்பது உண்மை. ஆனால், எதிலே தடுமாறினார் என்பதைக் கவனிக்க வேண்டும். கணக்கிலே அன்று, கணக்கை அச்சிட்ட முறையிலே! இத்தனைக்கும் கல்லூரியாருக்குத் தீய எண்ணம் எதுவும் இருந்ததாகச் சொல்ல முடியாது. எல்லோருக்கும் ஒரே விதி என்று நினைத்தார்கள். கண்ணுள்ளவருக்காக வகுத்த விதி, கண்ணில்லாதவருக்கு மட்டும் இரட்டைத் தேர்வாகிவிடும் என்பதை அவர்கள் நினைத்துப் பார்க்கவில்லை.

1900-இல் கல்லூரியிற் சேர்ந்தார். வகுப்பிலே பேராசிரியர் பேசப் பேச, பக்கத்தில் அமர்ந்த சல்லிவன் அவர் கையில் எழுத்துக் கூட்டினார். கேட்பதும் கையால், ஆகையால் குறிப்பெடுக்கக் கை ஓயவில்லை. வீட்டுக்குப் போய், நினைவில் நின்றதைத்தான் எழுதி வைத்தார். பாடநூல்களிற் பல புள்ளியெழுத்தில் இல்லை. அவற்றைச் சல்லிவனே நாள்தோறும் மணிக்கணக்காகப் படித்துக் காட்டினார். ஏற்கெனவே நொந்திருந்த அந்தக் கண்கள் மேலும் நொந்தன. 1904-இல் ஹெலன் சிறப்புடன் பட்டம் பெற்றார். கண்ணும் காதும் இழந்தவர் இளங்கலைப் பட்டம் பெற்றது உலகில் அதுவே முதல்முறை. அந்தப் பட்டத்துக்காகத் தம் கண்ணைச் செலவிட்ட சல்லிவனுக்குக் கல்லூரி எதுவும் தரவில்லை.

படிப்புச் செலவு? எழுத்தாளர் மார்க் ட்வைன் தம் நண்பர் குடும்பத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். அந்த நண்பர், ஸ்டாண்டர்டு ஆயில் நிறுவனத்துச் செல்வர் ஹென்றி ராஜர்ஸ். அவர் பணம் தந்தார். ஆக, ஓர் ஆசிரியையின் கண்ணும் ஒரு செல்வரின் பையும் சேர்ந்து, கல்லூரி செய்ய வேண்டியதைச் செய்தன. அதே கல்வி ஆசையுடன் அதே ஊனத்தோடு பிறந்த ஓர் உழைப்பாளி வீட்டுப் பெண்ணுக்கு மார்க் ட்வைன் கடிதம் எழுதியிருப்பாரா?

இந்தக் கேள்வியை நமக்கு முன்பே தம்மைத் தாமே கேட்டுக் கொண்டவர் கெல்லர். பார்வையிழப்புக்குத் தொழிற்சாலை விபத்தும் வறுமையும் காரணமாவதை ஆராய்ந்து அறிந்தார். 1909-இல் சோஷலிஸ்ட் கட்சியில் சேர்ந்தார். அதுவரை அவரை வானளாவப் புகழ்ந்த நாளேடு ஒன்று, இப்போது அவருடைய ஊனமே அவர் கருத்துப் பிழைக்குக் காரணம் என்று எழுதிற்று. அவர் அஞ்சவில்லை, அச்சிலேயே பதிலடி தந்தார். தம்முடைய வெற்றியில் பிறப்பும் வாய்ப்பும் தந்த பங்கு பெரிது என்றும், அது எல்லோருக்கும் வாய்ப்பதில்லை என்றும் வெளிப்படையாக ஒப்புக் கொண்டவர் அவர். மன உறுதிப் பேச்சாளர்கள் இதை மட்டும் மேடையில் சொல்வதில்லை!

1924 முதல் அமெரிக்கப் பார்வையற்றோர் நிறுவனத்துக்காக ஊர் ஊராக உழைத்தார். 1932-இல் ஆங்கிலப் புள்ளியெழுத்துக்கு இரு கண்டங்களுக்கும் பொதுவான முறை உடன்பாடாயிற்று. 1955-இல், 75 வயதை நெருங்கும் வேளையிலே, ஆசியச் சுற்றுப்பயணத்தில் இந்தியாவுக்கும் வந்தார். அதே ஆண்டில் ஹார்வர்டு அவருக்கு மதிப்புறு பட்டம் அளித்தது; அப்பட்டம் பெற்ற முதற்பெண் அவரே. 1968 ஜூன் 1-ஆம் நாள் மறைந்தார்.

அவர் மறைந்து ஐந்தாண்டு கழித்து, 1973-இல், அரசுப் பணம் பெறும் எந்த நிறுவனமும் ஊனத்தைக் காட்டி ஒருவரை ஒதுக்கக் கூடாதென்று அமெரிக்காவில் சட்டம் வந்தது. அதற்கான விதிகளோ நான்காண்டு தூங்கின. 1977 ஏப்ரலில் சான்பிரான்சிஸ்கோ நகரத்து அரசு அலுவலகத்துக்குள் மாற்றுத்திறனாளிகள் புகுந்து அமர்ந்து, வாரக்கணக்கில் அசையாமல் இருந்த பிறகே விதிகளில் கையெழுத்து விழுந்தது. தேர்வு முறையை மாணவருக்கேற்ப மாற்றுவது கல்லூரியின் கடமையாயிற்று.

கெல்லர் வந்து சென்ற இந்தியாவிலும் 2016-ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு. அரசுக் கல்லூரிகளில் 5 விழுக்காட்டுக்குக் குறையாத இடம், தேர்வில் கூடுதல் நேரம், எழுதித் தர உதவியாளர் ஆகியவற்றை அது சொல்கிறது. ஏட்டில் இருக்கிறது, தேர்வறையில் இருக்கிறதா? உதவியாளர் வருவாரா, கேள்வித்தாள் படிக்கும் வடிவில் இருக்குமா என்று தேர்வுக்கு இரண்டு நாள் முன்னர் ஒரு மாணவி தவித்தால், அவள் நிற்குமிடம் 1899. அந்தத் தவிப்பைத் தீர்க்க வேண்டிய பொறுப்பு கல்லூரிக்கு உண்டு, அரசுக்கு உண்டு. அவளுடைய மன உறுதியைப் புகழ்ந்துவிட்டு இருவரும் நழுவிவிட முடியாது.